எல்லை மூடினால் யாருக்கு இலாபம்?

“வெளிநாட்டுச் சாமானை நிறுத்தினால் எங்கள் சாமானுக்கு விலை வரும்.” தோட்டம் செய்யும் நாம் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்போம். வெங்காயம் கிண்டும் நாளில் கொழும்புத் துறைமுகத்தில் இந்திய வெங்காயம் இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் இந்தப் பேச்சுத் தானாகவே வாயில் வரும்.

இது பிழையான பேச்சு அல்ல. ஆனால் பாதிப் பேச்சு. கதவைப் பூட்டினால் விலை ஏறும் என்பது உண்மைதான். ஏறிய விலை யாருடைய மடிக்குப் போகிறது என்பதே மற்றப் பாதி. இதை அறிய நாம் புத்தகங்களைத் தேட வேண்டியதில்லை. நமது தோட்டங்களும் நமது கடற்கரையும் கண்ட மூன்று காலங்களை நினைத்துப் பார்த்தால் போதும்.

மிளகாய்க்கு மவுசு வந்த காலம்

1970 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையில் ஐக்கிய முன்னணி அரசு பதவிக்கு வந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக அது இறக்குமதிகளை இறுக்கியது. இந்தியாவிலிருந்து வந்த செத்தல் மிளகாயும் வெங்காயமும் சுருங்கின. குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு என்றுமில்லாத விலை கிடைத்தது. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் காணி பெற்ற படித்த வாலிபர்கள் மிளகாய் செய்து தலை நிமிர்ந்தார்கள். நீரிறைக்கும் இயந்திரம் வாங்கியவர்களும் கல்வீடு கட்டியவர்களும் பலர்.

அந்த விலை அன்று கமக்காரர் கைக்கு வந்ததற்குக் காரணங்கள் இருந்தன. காணி அவர் கையில் இருந்தது. கிணறு இருந்தது. மண்ணெண்ணெயும் பசளையும் வாங்க முடிந்தது. கொழும்புக்கு லொறியும் ரயிலும் தடையின்றி ஓடின. தடை ஒரு போகத்தோடு போகாமல் ஏழு ஆண்டுகள் நீடித்ததால், துணிந்து பயிரிடவும் அனுபவம் பெறவும் காலம் இருந்தது.

அதே பூட்டு வேறு பலரை வருத்தியது. அரிசிக்கும் துணிக்கும் வரிசை நீண்டது. உள்ளூரில் ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்கு அரிசி கொண்டு செல்லவும் தடைகள் போடப்பட்டன. கடையில் கிடைக்காத சேலையும் பிறவும் இரவு வள்ளங்களில் வந்தன. அவற்றினால் அரசுக்கு வரி கிடைக்கவில்லை; உள்ளூர் நெசவாளருக்கும் பயன் இல்லை.

1977 இல் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசின் நவம்பர் மாத வரவு செலவுத் திட்டத்தோடு கதவு ஒரேயடியாகத் திறந்தது. நாட்டுக்கு வேண்டிய பல பொருட்கள் வந்தன. ஆனால் மிளகாயும் வெங்காயமும் கூடவே வந்தன. கடன்பட்டுக் கிணறு வெட்டியவருக்கு விலை போனது, கடன் மட்டும் நின்றது. பூட்டும்போதும் திறக்கும்போதும் கமக்காரரை யாரும் கேட்கவில்லை.

நாட்டுக்குள்ளே ஓர் எல்லை

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபோது எல்லை நம் நாட்டுக்குள்ளேயே விழுந்தது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. எரிபொருள், யூரியா, சீமெந்து, மின்கலம் என்று நீண்ட பட்டியல் தடைப் பொருட்களாயின. சனங்கள் கிளாலிக் கடலை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தார்கள்.

இந்தப் பூட்டு மிளகாய்க் காலத்துப் பூட்டைப் போன்றதல்ல. அன்று உள்ளே வருவது மட்டுமே நின்றது. இப்போது வெளியே போவதும் நின்றது. நமது வெங்காயம் கொழும்புக்குப் போக முடியாமல் உள்ளூரில் மலிந்து கிடந்தது. இறைப்பதற்கான மண்ணெண்ணெயோ எட்டாத விலைக்குப் போனது. கைவிட்ட துலாவை மீண்டும் நாட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விற்கும்போதும் நட்டம், வாங்கும்போதும் நட்டம். இடையில் உழைத்தவர்கள் யார்? பொருளைக் கடத்திக் கொண்டுவந்தவர், அதற்குக் கண்ணை மூடியவர், வழியில் வரி எடுத்தவர். யார் பக்கத்தில் நின்றாலும் அவர்கள் ஒருவரும் மண் கொத்தியவர்கள் அல்லர்.

2002 இல் யுத்தநிறுத்தத்தின் பின் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளை நம்பித் தோட்டத்தில் முதலிட்டவர்கள் மீண்டும் கையைப் பிசைந்தார்கள்.

மஞ்சள் சொன்ன பாடம்

மூன்றாவது காலம் அண்மையது. உள்ளூர் உற்பத்தியை ஊக்குவிக்கவென்று மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2020 இல் தட்டுப்பாடு கடுமையானது. நாட்டுக்குத் தேவையான மஞ்சளில் ஒரு பகுதியே இங்கு விளைந்தது. கொரோனா காலம் ஆகையால் வீட்டு வாசலில் தெளிக்கவும் மஞ்சள் தேடினார்கள். கிலோ 750 ரூபா என்று அரசு உச்ச விலை விதித்தது. விதித்த விலையில் மஞ்சள் கிடைக்கவில்லை. கிடைத்த மஞ்சள் 3000 ரூபாவையும் தாண்டியது. மாவைக் கலந்து மஞ்சள் தூள் என்று விற்றவர்களும் அகப்பட்டார்கள்.

அதே ஆண்டு ஈரோட்டுச் சந்தையில் ஒரு கிலோ மஞ்சள் 100 இந்திய ரூபாவுக்கும் குறைவு. அன்றைய மாற்று வீதத்தில் நமது பணத்தில் ஏறக்குறைய 250 ரூபா. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். அந்தக் கரையில் 250, இந்தக் கரையில் 3000. இந்த இடைவெளிதான் வள்ளத்தை ஓட்டியது. மன்னார், புத்தளம் கரைகளில் கடற்படை மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடித்தது. இராமநாதபுரக் கரையில் தமிழ்நாட்டுப் பொலிசாரும் பிடித்தார்கள். பிடிபட்டால் மறியலுக்குப் போவதும் வள்ளத்தை இழப்பதும் மூட்டை சுமந்த ஏழைத் தொழிலாளி. முதல் போட்டவர் கரையில் இருப்பார்.

நமது கமக்காரருக்கு என்ன கிடைத்தது? மஞ்சள் நட்டுக் கிண்ட ஒன்பது பத்து மாதம் செல்லும். ஐந்து கிலோ பச்சை மஞ்சளை அவித்துக் காயவைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். விலை ஏறிய அன்று விதைக்கிழங்கு வைத்திருந்தவர் பிழைத்தார். விலையைக் கண்டபின் விதை தேடியவர், விதையையே தீவிலைக்கு வாங்க வேண்டியிருந்தது. விளைச்சலுக்கு முன்பே பயிரிடத் திட்டமிட்டு, விதை பெருக்கி, அதன்பின் கதவைச் சாத்தியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். முதலில் பூட்டி, பிறகு விதை தேடினோம்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியும் இதே விதமாக ஒரே இரவில் நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போகம் பிந்திவிட்டது. நெல் விளைச்சல் விழுந்தது. அரசு அரிசியை இறக்குமதி செய்தது. உள்ளூர்க் கமத்தைக் காக்கப் போட்ட பூட்டு, கமக்காரர் கையையே பூட்டியது.

நாம் கவனிக்க வேண்டியவை

இடம்பெயர்ந்து குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் குடும்பங்களுக்கு இந்தக் கதைகள் இன்னும் நெருக்கமானவை. பயிருக்கு விலை ஏறியதும் காணிக்காரர் குத்தகையை ஏற்றுவார். விதைக்காரர் விலையை ஏற்றுவார். விலை விழும்போது இரண்டும் உடனே இறங்குவதில்லை. ஆகவே சில காரியங்களைச் சொல்லி வைக்கிறோம்.

தடையினால் மட்டும் விலை ஏறிய பயிரில் முழுக் காணியையும் போடவேண்டாம். ஒரு பகுதியில் வீட்டுச் சாப்பாட்டுக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் ஆன பயிர் இருக்கட்டும். விதைக்கிழங்கையும் விதை வெங்காயத்தையும் ஒவ்வொரு போகமும் ஒதுக்கி வைப்போம். குத்தகையைக் குறைந்தது இரண்டு மூன்று போகத்துக்கு எழுத்தில் பேசிக்கொள்வோம். கிண்டிய அன்றே தனித்தனியாகத் தரகரிடம் கொடுக்காமல், சங்கமாகச் சேர்த்துக் காயவைத்து விற்போம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. கதவை என்றைக்கும் பூட்டிவை என்று கேட்பது பயனற்றது. 30 கிலோமீற்றர் கடலுக்குப் பூட்டு இல்லை. 2007 இன் சட்டம் ஒன்றின் கீழ் உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி வரியை வர்த்தமானி மூலம் ஏற்றியும் இறக்கியும் வந்திருக்கிறார்கள். ஏற்றுவதையும் இறக்குவதையும் நடுகைக்கு முன்னரே அறிவிக்கட்டும். அறுவடை மாதத்தில் கதவைத் திறக்காமல் இருக்கட்டும். நட்டம் வராத உத்தரவாத விலை ஒன்றைச் சொல்லட்டும்.

அடுத்த முறை ஏதாவது ஒரு பொருளுக்குத் தடை என்ற செய்தி வரும்போது நமது சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தத் தடை எவ்வளவு காலத்துக்கு? விதையும் பசளையும் யாரிடம் இருக்கின்றன? நமது பொருள் வெளியே போகப் பாதை திறந்திருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் மண்வெட்டியை எடுப்போம்.