தொடக்கமும் தோற்றுவாயும்

தொடக்கப் பொருள் குறித்து ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பல. ‘ஒரிஜின்’, ‘சோர்ஸ்’ என்பன மேலெழுதலைக் குறிக்கும் இலத்தீன் வினைகளின் வழிவந்தவை. ஒன்று பிறந்த இடத்தைச் சுட்டுவன. ‘ஸ்டார்ட்’ என்பதற்குத் துள்ளியெழுதலும், ‘இனிஷியல்’ என்பதற்கு உட்புகுதலும் அடிப்பொருளாம். மொழிபெயர்ப்போர் பலர் இவையனைத்தையும் ‘ஆரம்பம்’ என்றே எழுதிவிடுகின்றனர். இலக்கிய வரலாற்றில் இது பெரும்பிழைக்கு இடந்தரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் அருளிய திருப்பல்லாண்டினை நோக்குவோம். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் இதனோடுதான் தொடங்குகின்றது. எனினும் ஆழ்வார் பாடல்களின் தோற்றுவாய் இதுவன்று. இவருக்குக் காலத்தால் முற்பட்ட பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய மூவரும் பாடிய நூறு நூறு வெண்பாக்கள் கொண்ட அந்தாதிகள், பின்னர் வரும் இயற்பாவில் வைக்கப்பெற்றுள்ளன. நாதமுனிகள் தொகுத்ததாக வைணவ மரபு கூறும் இத்தொகையின் வைப்புமுறை காலமுறை அன்று.

தமிழ்ச் சொல்லும் இங்கு மயக்கந்தருதல் காண்க. ‘முதலாழ்வார்’ என்புழி முதல் என்பது காலத்தைக் குறிக்கும்; ‘முதலாயிரம்’ என்புழி வரிசையைக் குறிக்கும். முதலாழ்வார் மூவர் பாடல்களுள் ஒன்றேனும் முதலாயிரத்தில் இல்லை! ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையோ அதனுள் உளது. ஆதலின், பிறப்பிடத்தைத் தோற்றுவாய் எனவும், வரிசைத் தலைப்பைத் தொடக்கம் எனவும் பிரித்து ஆளுதலே தக்கதென யாம் கருதுகின்றோம்.