இடுப்புக்குள் கட்டிய வேடு

இட்லிப் பானையின் வாயில் ஈரத்துணியை இழுத்து வேடு கட்டி, அதன்மேல் மாவை ஊற்றுகிறோம். நம் இடுப்புக்குள்ளும் அப்படி ஒரு வேடு உண்டு.

பானை வாய்: இடுப்பெலும்பு வளையம். முன்னே பூப்பெலும்பு, பின்னே வால் எலும்பு.

துணி: இரண்டுக்கும் நடுவே விரிந்த இடுப்புத்தளத் தசைகள். முக்கியமானது 'லெவேட்டர் ஏனை'. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றின் பாரமும் இதன்மேல்தான். சிறுநீர் வழி, பிறப்பு வழி, மல வழி மூன்றும் இதற்குள் புகுந்தே வெளியே வருகின்றன. ஆண்களுக்கு இரண்டு வழிகள்.

கட்டு: உறுப்புகளை எலும்போடு பிணைக்கும் தசைநார்கள்.

துணி தானாக இறுகாது. இந்தத் தசை இறுகும். இருமல் வெளிவரும் முன்பே இறுகி, சிறுநீர் சிந்தாமல் காக்கும். இதன் ஒரு பட்டை மலக்குடலைப் பின்பக்கமாக வளைத்து முன்னே இழுத்து வைத்திருக்கிறது. குந்தி உட்கார்ந்தால் அந்த வளைவு நிமிர்கிறது. மலம் எளிதாக இறங்குகிறது.

வேடு எப்போது தொய்கிறது?

கடலூர் துறைமுகத்தில் ஒரு பெண் மீன்கூடையைத் தலைக்கு ஏற்றுகிறார். மூச்சை அடக்கி எம்பும் அந்த நொடியில் வயிற்றின் அழுத்தமெல்லாம் கீழே இறங்குகிறது. பிரசவத்தில் தசை கிழிந்திருந்தாலோ, மாதவிடாய் நின்று திசு மெலிந்திருந்தாலோ, தீராத இருமலும் மலச்சிக்கலும் சேர்ந்தாலோ வேடு தாங்காது. தும்மினால் சிறுநீர் சிந்தும். 'கர்ப்பப்பை இறங்கிடுச்சு' என்பதும் இதனால்தான். ஆண்களுக்கு புராஸ்டேட் அறுவைக்குப் பின் சிந்தலாம்.

மறுபடி இறுக்குவது எப்படி?

1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இதற்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். வாயு பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளிழுங்கள். 5 நொடி பிடித்து, அதே அளவு தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கூடை தூக்கும் முன்பும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

சிலருக்குத் தசை தளராமல் இறுகியே கிடக்கும். வலி இருக்கும், மலம் கழிப்பது சிரமமாகும். அவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. அதனால் முதலில் பரிசோதனை அவசியம். இறக்கம் அதிகமானால் உள்ளே பொருத்தும் பெசரி வளையம் இருக்கிறது, அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

சிதம்பரம் அண்ணாமலைநகரில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மகளிர் நோய்ப் பிரிவில் காட்டலாம். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று அம்மாக்கள் ஈரச்சேலையோடு பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இது தசைக் கோளாறு, சிகிச்சை உண்டு.