சேஷாத்திரியின் எண் கட்டங்கள்

"கணிதம் படித்தால் ஆசிரியர் வேலைதானே?" மிண்டன் வளாகத்தில் கணிதம் எடுத்த தமிழ் மாணவர் எவரும் இக்கேள்விக்குத் தப்பியதில்லை. உலகப் புகழ்பெற்ற பின்பும் அந்த ஆசிரியர் வேலையை 57 வயதில் புதிதாகத் தொடங்கியவர் பேராசிரியர் சி. எஸ். சேஷாத்திரி. 1932-இல் காஞ்சிபுரத்தில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் பயின்று, பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்தவர்.

அவருடைய ஆய்வில் ஒரு துளியை மட்டும் பார்ப்போம். எட்டு எண்களை இரண்டு கிடைவரிசை, நான்கு நெடுவரிசையாக எழுதுங்கள். ஏதேனும் இரு நெடுவரிசைகளை எடுத்தால் ஓர் அணிக்கோவை கிடைக்கும் (எஸ்.பி.எம். பாடத்தில் 'பெனெந்து' என்று படித்தோமே, அதுதான்). 1, 4ஆம் நெடுவரிசைகளின் அணிக்கோவையை [1,4] என்போம். எந்த எண்களைப் போட்டாலும் இது பொருந்தும்:

[1,4] × [2,3] = [1,3] × [2,4] − [1,2] × [3,4]

நம்பாதவர்கள் போட்டுப் பார்க்கலாம்! ஆக, மூன்று பெருக்கங்களில் ஒன்று மிகை. எதை நீக்குவது? ஒவ்வொரு சோடியையும் மேலும் கீழுமாகக் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். [1,3], [2,4] என்றால் மேலே 1, 2. கீழே 3, 4. இரண்டும் ஏறுவரிசை, வைத்துக்கொள்ளலாம். [1,4], [2,3] என்றால் கீழே 4, 3 என இறங்குகிறது, நீக்கிவிடலாம். எஞ்சியவற்றை எண்ண இயற்கணிதமே வேண்டாம், கட்டங்களை எண்ணினால் போதும். இயற்கணிதச் சேர்வியலின் சுவையே இதுதான்.

இந்த எளிய வகையை 1940களில் ஸ்காட்லாந்துக்காரர் ஹாட்ஜ் விளக்கினார். 1970களிலிருந்து சேஷாத்திரி, முசிலி, லட்சுமிபாய் ஆகியோர் அதை மிகப் பரந்த வடிவியல் வெளிகளுக்கு விரித்தனர். அவர்கள் ஊகித்த பொது வடிவத்தை 1990களில் ஜெர்மானியர் லிட்டல்மன் நிறுவினார்.

இனி அந்த 'ஆசிரியர் வேலை'. 1989-இல், உரம் தயாரிக்கும் ஸ்பிக் நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளை ஆதரவில், சென்னையில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே சென்னைக் கணிதவியல் கழகமாயிற்று. ஆய்வு செய்பவரே இளங்கலை மாணவருக்கும் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1998-இல் பி.எஸ்சி. வகுப்பு தொடங்கியபோது பட்டம் வழங்கும் உரிமைகூட அங்கு இல்லை. போபாலிலுள்ள போஜ் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் பட்டம் வந்தது. பொறியியலை விட்டுவிட்டு அங்கே பிள்ளையைச் சேர்த்த பெற்றோரின் துணிச்சலை எண்ணிப் பாருங்கள்.

2006-இல் அக்கழகம் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சேஷாத்திரி 2020 ஜூலை 17 அன்று மறைந்தார். சிறுசேரி வளாகத்தில் இன்றும் ஆய்வாளர்களே முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள்.