மூன்று நாளில் ஒரு வானொலி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இம்மோகலி என்றொரு ஊர். தக்காளித் தோட்டங்களை நம்பிப் பிழைக்கும் ஊர். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டி நாடுகளிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் அங்கே ஸ்பானியம், ஹெய்ட்டி கிரியோல், மாயன் மொழிகள் என்று பல பாஷை பேசுகிறார்கள். 2003 டிசம்பரில் ஒரு வார இறுதியில், வெளியூர்களிலிருந்து ஒரு கூட்டம் அங்கே வந்து இறங்கியது. சுயேச்சை ஊடகங்களைப் பற்றிய மாநாடு என்று அதைச் சொல்லலாம். ஆனால் பொன்னாடை இல்லை, வரவேற்புரைக்குப் பிறகு ஒரு வாழ்த்துரை, அதற்குப் பிறகு இன்னொரு வாழ்த்துரை என்று நீளும் அழைப்பிதழும் இல்லை. வந்தவர்களுக்கு வேலை ஒன்றுதான்: மாநாடு முடிவதற்குள் அந்த ஊரில் ஒரு வானொலி நிலையம் பேசத் தொடங்கியாக வேண்டும்.

இந்த மாதிரி மாநாடுகளைக் கூட்டியது பிலடெல்பியாவில் 1998இல் தொடங்கிய பிரமீதியஸ் ரேடியோ புராஜெக்ட் என்ற அமைப்பு. அமெரிக்காவின் ஆமிஷ் கிராமங்களில், ஒருவருக்குக் களஞ்சியம் கட்ட ஊரே திரண்டு வந்து ஒரே நாளில் தூக்கி நிறுத்தும் வழக்கம் உண்டு. அதை வானொலிக்குப் பொருத்திப் பார்த்தார்கள். முதல் நிலையம் 2002இல் மேரிலாந்தில், ஒரு சுற்றுச்சூழல் அமைப்புக்காக எழுந்தது. இம்மோகலியில் எழுந்த ‘ரேடியோ கான்சியன்சியா’ தொழிலாளர் அமைப்பு ஒன்றுக்குச் சொந்தம்.

ஒரு பக்கம் கோபுரத்தில் ஆள் ஏறிக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம் பயிலரங்கு நடக்கும். சட்டம் படித்தவர் கையில் சால்டரிங் அயர்ன் இருக்கும், பொறியாளர் செய்தி வாசித்துப் பழகுவார். பார்க்கிறவருக்குக் குழப்பமாகத் தோன்றும். ஆனால் இதில் என்னைக் கவர்வது திட்டமிடல்தான், ஏனென்றால் இங்கே நிகழ்ச்சி நிரலின் பாதியை எழுதுவது இயற்பியல்.

முதலில் கான்கிரீட். கோபுரத்தின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டால் அது உரிய வலுவைப் பெற 28 நாள் என்பது கட்டடக் கணக்கு. எனவே அதை வெள்ளிக்கிழமை வந்து போட முடியாது, முன்பே முடித்திருக்க வேண்டும். இடி மின்னல் வந்தால் கோபுரத்தில் ஏற முடியாது என்பதால் அந்த வேலையைக் கடைசி நாளுக்குத் தள்ளவும் கூடாது. ஒலிபரப்பியை ஆன்டெனா இல்லாமல் இயக்கிப் பார்ப்பது அதைவிட ஆபத்து. வெளியே போக வழியில்லாத ஆற்றல் கேபிள் வழியே திரும்பி வந்து, கடைசிக் கட்டத்து டிரான்சிஸ்டர்களைச் சுட்டுத் தீர்த்துவிடும். அதனால் சோதனை நேரத்தில் ஆன்டெனாவுக்குப் பதிலாக ‘டம்மி லோடு’ என்ற தடையை மாட்டுவார்கள். வருகிற ஆற்றலையெல்லாம் அது வெப்பமாக மாற்றி விழுங்கிக்கொள்ளும். இவற்றோடு அரசாங்கக் கெடு வேறு. கட்டுவதற்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் நிலையம் எழும்பியாக வேண்டும் என்பது அப்போதைய விதி.

இவ்வளவும் எதற்காக? வெறும் 100 வாட்டுக்காக. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு மின்சாரம்!

அந்த 100 வாட் எப்படி ஊர் முழுக்கப் போகிறது என்பதுதான் வியப்பு. பண்பலை ஒலிபரப்பு ஏறக்குறைய 100 மெகாஹெர்ட்ஸில் நடக்கிறது. அங்கே ஓர் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் பாதி 1.5 மீட்டர். ஆன்டெனாவின் அளவும் அதுதான், ஒரு சிறுமியின் உயரம். அதை 30 மீட்டர் உயரத்தில் வைத்தால், 5.6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் மீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் அளவு மின்புலம் கிடைக்கும். டார்ச் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டில் 1,500இல் ஒரு பங்கு. வீட்டுக்குள்ளேயே தெளிவாகக் கேட்க அது போதும். நல்ல கார் ரேடியோ என்றால் அதிலும் நூற்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டே குரலைப் பிரித்தெடுத்துவிடும்.

இதில் ஆற்றலைவிட உயரம்தான் பெரிய ஆள். ஆன்டெனாவிலிருந்து ஓர் அலை நேராக நம் வீட்டுக்கு வருகிறது. இன்னொன்று தரையில் பட்டுத் தெறித்து வருகிறது. தெறிக்கும்போது அது தலைகீழாகப் புரண்டுவிடுவதால், தொலைவில் இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. நமக்குக் கிடைப்பது அழிந்ததுபோக மிஞ்சியதுதான். ஆன்டெனாவை உயர்த்த உயர்த்த இரண்டும் கடக்கும் தூரத்தில் வித்தியாசம் கூடும், அழிவு குறையும். சமதளத்தில் தோராயமாகச் சொன்னால், உயரத்தை இரட்டிப்பாக்குவது ஆற்றலை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். அமெரிக்கச் சட்டத்துக்கும் இது தெரியும். 30 மீட்டருக்கு மேல் ஆன்டெனாவை ஏற்றினால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள்.

இத்தனை சிறிய நிலையத்தைப் பார்த்துப் பெரிய நிலையங்கள் பயந்தன. அவற்றில் சில 50,000 வாட், 1,00,000 வாட்டில் முழங்குபவை. சிறு நிலையங்களுக்கு உரிமம் தரும் திட்டத்தை 2000 ஜனவரியில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அறிவித்ததும், தனியார் ஒலிபரப்பாளர்களின் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒரு நிலையத்தின் குரலுக்குள் இன்னொன்றின் குரல் புகுந்து குழறும் ஒலி அதில் இருந்தது. சிறு நிலையங்கள் வந்தால் இப்படித்தான் ஆகும் என்றார்கள்.

ஆணையத்தின் பொறியாளர்களோ அது தவறான சித்திரம் என்று வெளிப்படையாகவே மறுத்தார்கள். மறுக்கக் காரணம் பண்பலையின் இயல்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் அலைவரிசைகளுக்கு இடையே 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. 98.1இல் ஒரு பெரிய நிலையம் இருந்தால் மூன்றாவது பக்கத்து வீடு 98.7. அவ்வளவு தள்ளி இருக்கும் நிலையத்தை ரேடியோவின் வடிகட்டியே பெரும்பாலும் தடுத்துவிடும். அதையும் மீறி ஏதாவது உள்ளே வந்தால் உஸ்ஸென்ற இரைச்சலாக வருமே தவிர, இரண்டு குரல்கள் கலந்து வராது. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால்கூட, பண்பலை ரேடியோ வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும்.

ஆனாலும் குறுந்தகடுதான் வென்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, மூன்றாவது பக்கத்து அலைவரிசையில் சிறு நிலையம் கூடாது என்று சட்டம் வந்தது. பெரிய நகரங்களில் பெரும்பாலும் இடமே இல்லாமல் போனது. மாநாடுகள் தோட்டத் தொழிலாளர் ஊர்களிலும் சிற்றூர்களிலும் நடந்ததற்குப் பெரிய காரணம் இதுதான். அதே சட்டம் கேட்ட கள ஆய்வை மைட்டர் நிறுவனம் செய்து, குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று 2003இல் அறிக்கை தந்தது. தடை நீங்கியதோ 2011 ஜனவரியில். ஏழரை ஆண்டு! ஆய்வின் முடிவு கையில் இருந்தும் காத்திருந்தவர்களின் பொறுமையை நினைத்தால் ஆச்சரியம்தான். பிறகு 2013இல் விண்ணப்பம் கேட்டபோது 2,800க்கும் மேல் குவிந்தன.

இந்தியாவிலும் கணக்கு இதேதான். அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தபோது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ 2004 பிப்ரவரி 1இல் சென்னையில் 90.4 மெகாஹெர்ட்ஸில் பேசத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. பொதுவான வரம்பு 100 வாட், ஆன்டெனாவின் உயரம் தரையிலிருந்து 30 மீட்டருக்குள்.

வாட்டில் ஒற்றுமை இருந்தாலும் வாயில் இல்லை. இம்மோகலித் தொழிலாளி தன் கூலிப் பிரச்சினையை ஒலிவாங்கியில் பேசலாம். நம் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது, ஆகாஷ்வாணி தருவதை அப்படியே அஞ்சல் செய்யலாம். வானிலை, போக்குவரத்து நிலவரம், தேர்வு முடிவு, திருவிழா அறிவிப்பு ஆகியவை செய்திக் கணக்கில் வராது என்பதால் அவற்றுக்குத் தடையில்லை. நேற்றைய கிராமசபைக் கூட்டத்தில் குடிநீர்க் கணக்கைக் கேட்டு யார் எழுந்து நின்றார், என்ன பதில் கிடைத்தது என்பதைச் செய்தியாக வாசிக்க முடியாது.