14 அங்குலக் கவசம்

உலோகவியல் பயிலும் எனக்குக் கவசம் என்றதும் சீனப் போர்க்கப்பல் 'திங்யுவான்' நினைவுக்கு வரும். அன்றைய ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் கட்டப்பெற்று, 1885-இல் சீனம் சேர்ந்த அக்கப்பல் 7,000 டன்னுக்கும் மேற்பட்டது. அதன் நடுப்பகுதியைச் சூழ்ந்த கவசத்தின் கனம் 14 அங்குலம்! இரும்புத் தகட்டின் முகத்தில் எஃகைப் பொருத்திய கவசம் அது. எஃகு குண்டை உடைக்கும், இரும்பு அதிர்ச்சியைத் தாங்கும்.

1894 செப்டம்பர் 17-இல் நடந்த யாலூப் போரில் ஜப்பானியக் குண்டுகள் நூற்றுக்குமேல் தாக்கியும் அக்கவசம் துளைபடவில்லை. ஆயினும் திருப்பிச் சுடத் தக்க குண்டுகள் சீனரிடம் போதிய அளவு இல்லை. 1895 பிப்ரவரியில் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் டார்ப்பிடோ ஒன்று, கவசம் எட்டாத நீரடிப் பகுதியைப் பிளந்தது. தரைதட்டி நின்ற கப்பலைப் பகைவர் கைப்பற்றாதிருக்கச் சீனரே வெடிவைத்துத் தகர்த்தனர்.

சோதனைச்சாலையில் தகட்டின் உறுதியை நாள்தோறும் அளக்கிறேன். கப்பலின் உறுதியை அளப்பதோ, தகடு இல்லாத இடம்.