பேஸ்ட் பல்லுக்கு... கார் கண்ணாடிக்கு?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். பானட்டைத் திறந்து பார்த்தேன். டயரை உதைத்துப் பார்த்தேன் (எதற்கு என்று இன்றுவரை தெரியாது!). முன் கண்ணாடியை மட்டும் பார்க்கவில்லை. அதன் வழியாகப் பார்த்தேன், அவ்வளவுதான்!

பகலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ராத்திரி செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரும் வழியில் எதிரே ஒரு பஸ். அதன் ஹெட்லைட் வெளிச்சம் பட்டதும், பழைய வைப்பர் போட்டு வைத்திருந்த அரைவட்டக் கீறல்கள் அத்தனையும் வெள்ளி ஜரிகை மாதிரி பளபளத்தன. சாலையே காணோம்! பஸ் கடந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு முன்னால் சைக்கிளில் ஒரு பெரியவர். பிரேக்கை மிதித்த மிதியில் பின் ஸீட் மாம்பழப் பை முன்னால் வந்து விழுந்தது. வண்டி நின்றபோது அவருடைய பின் சக்கரத்துக்கும் என் பம்பருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடைவெளி. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். எனக்கு வீடு வரும்வரை கால் நடுங்கியது.

மறுநாள் ஆபீஸில் சொன்னதும் ஆளாளுக்கு வைத்தியம். "டூத் பேஸ்ட் போட்டுத் தேய் மச்சி, கீறல் ஓடிடும்!" என்றான் பக்கத்து ஸீட் நண்பன். ஞாயிற்றுக்கிழமை அரை ட்யூப் காலி. வெளியே வந்து பார்த்த என் மனைவி சொன்னாள்: "கண்ணாடிக்கு வாய் நாத்தம் போயிடுச்சுங்க. கீறல் மட்டும் அப்படியே இருக்கு!"

கடைசியில் கண்ணாடிக் கடை பாயிடம் போய் நின்றேன்.

"பேஸ்ட்டுல இருக்கிற மாவு பல்லுக்கே பதமா அரைச்சது சார். கண்ணாடி அதைவிடக் கெட்டி. எப்படித் தேயும்?" என்று சிரித்தார். கண்ணாடியை விடக் கெட்டியானது எது? தெரு மணல்! கண்ணாடியில் மணல் தூசி உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் விடாமல் வைப்பரைப் போட்டால், நாமே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு உரசினால் கேட்கவே வேண்டாம். பக்கக் கண்ணாடிகளில் நேர்க்கோடாக விழும் கீறல்களுக்கு பீடிங்கில் மாட்டிக்கொண்ட மணல்தான் காரணம். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தபோது, பிளேடால் சுரண்டி எடுத்துக் கண்ணாடியையும் சேர்த்துச் சுரண்டிக்கொண்டவர்களும் உண்டு.

கீறலைப் போக்க நிஜமான மருந்து சீரியம் ஆக்ஸைடு என்ற பொடி. நிஜக் கண்ணாடியில் செய்த லென்ஸுக்கும் இதே பாலிஷ்தான். வெறுமனே அரம் போல ராவுவதில்லை இது. தண்ணீரோடு சேரும்போது கண்ணாடியின் மேல்பரப்போடு ரசாயனமாகவே ஒட்டி, துளித் துளியாகப் பெயர்த்து எடுக்கிறது. 1803-ல் கண்டுபிடித்த இந்தத் தனிமத்துக்கு வானத்துச் சீரிஸ் குறுங்கோளின் பெயரை வைத்தார்கள். இந்தத் தனிமம் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலிலும் உண்டு! அந்தக் காலக் கல்யாண ஊர்வல பெட்ரோமாக்ஸ் மேண்டிலிலும் தோரியத்தோடு நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு இருந்தது.

பாய் சொன்ன முறை இதுதான். முதலில் கண்ணாடியைச் சுத்தமாகக் கழுவி, கீறல் இருக்கும் இடத்தை உள்பக்கம் மார்க்கரால் வட்டம் போட வேண்டும். ரப்பர், பெயின்ட் மேல் படாமல் டேப் ஒட்ட வேண்டும். பொடியைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, ஃபெல்ட் பேட் மாட்டிய மெஷினால் மெதுவான வேகத்தில் தேய்க்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கையை வைத்தால் சுட்டால் நிறுத்திவிட வேண்டும். சூடேறினால் கீறல் போகாது, கண்ணாடி போய்விடும்! நிழலில்தான் செய்ய வேண்டும். பொடியைக் கரைக்கும்போது மூக்கில் துணி அவசியம்.

"சரி பாய், ஆரம்பிங்க" என்றேன்.

"அவசரப்படாதீங்க. கீறல் மேல குறுக்கால நகத்தை இழுங்க" என்றார். பக்கக் கண்ணாடியில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. முன் கண்ணாடியில், அதுவும் டிரைவர் பக்கம், இரண்டு மூன்று இடத்தில் டக்கென்று மாட்டியது.

"நகம் மாட்டினா பாலிஷ் கிடையாது சார். அவ்வளவு ஆழம் தேய்ச்சா அந்த இடம் பள்ளமாயிடும். ரோடு கானல் நீர் மாதிரி நெளியும். இப்ப கண்ணு கூசுது, அப்புறம் எதிர்ல வர்றவன் நெளிவான்! தேய்ச்சுத் தர்றேன்னு சொன்னா இன்னிக்கு எனக்குக் காசு. நாளைக்கு?"

முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லாமினேட்டட் சமாச்சாரம். 1903-ல் ஃபிரான்ஸில் பெனடிக்டஸ் என்ற விஞ்ஞானி கைதவறிப் போட்ட குடுவை, உள்ளே காய்ந்திருந்த ரசாயனப் படலத்தால் சிதறாமல் விரிசலோடு நின்றதாம். அதிலிருந்து பிறந்த யோசனை. அதே 1903-ல்தான் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். ஒருத்தர் கண்ணாடியைக் காப்பாற்ற, இன்னொருவர் கண்டுபிடித்ததை வைத்து நாம் அதைக் கீறிக்கொண்டிருக்கிறோம்!

பக்கக் கண்ணாடிகளை பாய் பாலிஷ் போட்டுத் தந்தார். முன் கண்ணாடியைப் புதிதாக மாற்றினேன். அந்த மாத பட்ஜெட்டில் பெரிய கீறல் விழுந்தது நிஜம். கூடவே இரண்டு வைப்பர் பிளேடும் மாற்றினேன். கண்ணாடி விலைக்கு முன்னால் அது கொசுறு. இப்போதெல்லாம் காலையில் முதல் வேலை, ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றுவது. அப்புறம்தான் வைப்பர்.

போன வாரம் அதே செஞ்சி ரோடு. அதே மாதிரி எதிரே பஸ் வெளிச்சம். தூரத்திலேயே தெரிந்தது, விளக்கில்லாத ஒரு சைக்கிள். அந்தப் பெரியவரேதானா, தெரியாது. ஒதுங்கி, மெதுவாக அவரைத் தாண்டிப் போனேன். இந்த முறையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டியது நான்தானே!