பழஞ்சொல்லும் புதுப்பொருளும்

எழுத்தாளர் சுஜாதாவின் (1935–2008) இயற்பெயர் ரங்கராஜன். திருவரங்கத்தில் வளர்ந்த அவர், பெங்களூரில் பொறியாளராகப் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

பணிகளுக்கிடையே அவர் தமிழ் வாசிப்பைக் கைவிடவில்லை. புறநானூற்றைக் கற்று, அதற்கு எளிய அறிமுக நூல் எழுதினார். தாம் படித்தவற்றைக் 'கணையாழி' இதழின் கடைசிப் பக்கத்தில் பகிர்ந்துகொண்டார்.

சிறுவர் எறிந்து, நொண்டி விளையாடும் ஓட்டுத் துண்டைச் 'சில்லு' என்பர். கணினிக்குள் இருக்கும் சிறு துண்டைக் குறிக்கவும் அச்சொல்லையே அவர் எடுத்தாண்டார். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்பது அவர் நூலின் பெயர்.

தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்தபோதும் அவரிடம் தமிழ் தங்கியது, வளர்ந்தது. இடைவிடாது படித்ததும், படித்ததைத் தமிழிலேயே எழுதியதும் அதற்குக் காரணங்கள்.